சீருடைப் பணிகளுக்கான கல்லூரிப் படிப்பு

சட்ட அமலாக்கம் என்றதும் பெற்றோருக்கும் மாணவருக்கும் காவல்துறை ஒன்றே நினைவுக்கு வந்தாலும், ஒரு சட்டத்தை நடைமுறையில் நிலைநிறுத்துவதற்காக ஆட்களைத் தடுத்து நிறுத்தவும், சோதனையிடவும், பொருள்களைக் கைப்பற்றவும், விசாரித்து வழக்குத் தொடுக்க வழிசெய்யவும் அதிகாரம் பெற்ற துறைகள் அனைத்தும் அதில் அடங்கும். மலேசியாவில் அரச மலேசியக் காவல்துறையுடன் குடிநுழைவுத் துறை, சுங்கத் துறை, சிறைச்சாலைத் துறை, சாலைப் போக்குவரத்துத் துறை, மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம், கடல்சார் அமலாக்க நிறுவனம் ஆகியவையும், நுழைவாயில்களின் பொறுப்பை ஏற்று 2025இல் இயங்கத் தொடங்கிய எல்லைக் கட்டுப்பாட்டு, பாதுகாப்பு நிறுவனமும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் எதில் சேர விரும்பும் மாணவரும் பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த கையோடு கேட்கும் முதல் கேள்வி, எந்தப் பட்டப்படிப்பை எடுத்தால் வேலை கிடைக்கும் என்பதாகவே இருக்கிறது. இந்தக் கேள்வி தவறானதன்று. ஆனால், அதற்கான விடை பெரும்பாலோர் எதிர்பார்ப்பதைவிடச் சிறியது. எந்த நிலையில் பணிக்குள் நுழைவது என்பதைக் கல்வித் தகுதியின் படிநிலை தீர்மானிக்கிறது. நுழைந்த பின் ஓர் அதிகாரி எவ்வளவு தூரம் செல்வார் என்பதையோ அவர் எழுதும் அறிக்கை நீதிமன்றத்தில் நிற்குமா என்பது பெருமளவு தீர்மானிக்கிறது. ஆகவே கல்லூரியில் கழியும் மூன்று, நான்கு ஆண்டுகளைத் தெளிவாக எழுதப் பழகுவதற்கும், சட்ட நடைமுறையைப் படிப்பதற்கும், மாசற்ற பெயருடன் வெளிவருவதற்கும் எவ்வாறு செலவிடலாம் என்பதை இவ்வியல் விளக்குகிறது.

டெங்கிலைச் சுற்றியுள்ள வாய்ப்புகள்

சிலாங்கூரின் சிப்பாங் மாவட்டத்தில் லங்காட் ஆற்றையொட்டி அமைந்துள்ள டெங்கில், இத்துறைகளின் தலைமையகங்களுக்கு மிக அருகில் இருக்கும் சிற்றூர்களுள் ஒன்று. குடிநுழைவு, சுங்கம், சாலைப் போக்குவரத்து ஆகிய துறைகளும் ஊழல் தடுப்பு ஆணையமும் புத்ராஜெயாவில் தலைமையகம் கொண்டுள்ளன; சிறைச்சாலைத் துறையின் தலைமையகம் காஜாங்கில் இருக்கிறது; கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையமும் இதே மாவட்டத்துக்குள்ளேயே உள்ளது; இணையப் பாதுகாப்புக்கான அரசு நிறுவனமான சைபர்செக்யூரிட்டி மலேசியா சைபர்ஜெயாவில் செயல்படுகிறது. புத்ராஜெயா எழுந்த நிலம் முன்பு பிராங் பெசார் உள்ளிட்ட ரப்பர், செம்பனைத் தோட்டங்களாக இருந்ததையும், அங்கிருந்து வெளியேற்றப்பட்ட தோட்டக் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளில் குடியமர்த்தப்பட்டதையும் இப்பகுதித் தமிழர் அறிவர். தாத்தாவும் பாட்டியும் பால்வெட்டிய நிலத்தில் இன்று நிற்கும் அலுவலகங்களில் பேரப்பிள்ளைகள் அதிகாரிகளாக அமர்வதற்குத் தொலைவு ஒரு தடையே இல்லை. ஆனால், அங்குள்ள பதவிகள் எந்த வழியாக நிரப்பப்படுகின்றன என்ற செய்தி டெங்கில், சாலாக் திங்கி வட்டாரங்களின் பல குடும்பங்களுக்கு உரிய காலத்தில் எட்டுவதில்லை.

இப்பகுதியின் புவியியலில் ஒரு முரணும் உண்டு. டெங்கிலிலேயே இருக்கும் மிகப் பெரிய உயர்கல்வி வளாகம் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அடிப்படைக் கல்வி மையம். அப்பல்கலைக்கழகம் பூமிபுத்ரா மாணவர்களுக்கு மட்டுமே இடமளிப்பதால், அதன் வேலியை ஒட்டி வாழும் தமிழ் மாணவர் படிப்புக்காகப் பாங்கிக்கோ செர்டாங்கிற்கோ சைபர்ஜெயாவிற்கோ செல்ல வேண்டியிருக்கிறது. 2023இல் முழுமையாகத் திறக்கப்பட்ட புத்ராஜெயா எம்ஆர்டி தடம் செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தின் அருகே ஒரு நிலையம் கொண்டிருப்பதாலும், விமான நிலைய ரயிலில் பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரலுக்குச் செல்ல முடிவதாலும், புத்ராஜெயா சென்ட்ரல் வரை மோட்டார் சைக்கிளில் சென்று அங்கிருந்து ரயிலேறும் மாணவர் விடுதிச் செலவைத் தவிர்க்கலாம்.

மூன்று படிநிலைகள்

மலேசியப் பொதுச் சேவையில் நுழைவுப் பதவிகள் பொதுவாக எஸ்பிஎம், டிப்ளோமா, பட்டம் என்ற மூன்று கல்வித் தகுதிகளுக்கு ஏற்ப வகுக்கப்பட்டுள்ளன. காவல்துறையில் எஸ்பிஎம் தகுதியுடன் சேருபவர் கான்ஸ்டபலாகத் தொடங்கி லான்ஸ் கார்ப்பரல், கார்ப்பரல், சார்ஜன் என்று படிப்படியாக ஏறுகிறார். அதற்கு மேற்பட்ட கல்வித் தகுதி உடையவர் இன்ஸ்பெக்டர் பதவிக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடிகிறது. கான்ஸ்டபலாகச் சேர்ந்த ஒருவர் இன்ஸ்பெக்டராக உயர்வதற்குப் பல ஆண்டுச் சேவையும் தேர்வுகளும் தேவைப்படுகையில், அதே பதவியில் மற்றொருவர் பயிற்சிக் காலம் முடிந்த உடனே அமர்கிறார் என்பதை எஸ்பிஎம் முடித்த மாணவரும் அவருடைய பெற்றோரும் முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும். பதினெட்டு வயதில் மாதச் சம்பளம் வீட்டுக்கு வந்து சேர்வது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை அறிந்தே இது சொல்லப்படுகிறது. இயன்றவரை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் பொறுத்து டிப்ளோமாவோ ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம்மோ முடித்துவிட்டு விண்ணப்பிப்பதே பணிக்காலம் முழுவதற்கும் இலாபமான முடிவு. காத்திருக்க இயலாத குடும்பத்து மாணவர் கான்ஸ்டபலாகச் சேர்ந்த பின் பகுதிநேரமாகப் படித்துத் தகுதியை உயர்த்திக்கொண்டு, பணியில் இருப்போருக்கென அவ்வப்போது அறிவிக்கப்படும் உயர் பதவி நியமனங்களுக்கு விண்ணப்பிக்கும் வழியும் திறந்தே இருக்கிறது.

யாரிடம் விண்ணப்பிப்பது என்பதிலும் குழப்பம் நிலவுகிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 132ஆம் விதி காவல் படையைப் பொதுச் சேவையின் ஒரு தனிப் பிரிவாகக் குறிப்பிடுகிறது. 140ஆம் விதி அப்படைக்கெனக் காவல் படை ஆணையம் ஒன்றை நிறுவுகிறது. இதனால் காவல்துறைக்கான ஆள்சேர்ப்பு காவல்துறையின் சொந்த அறிவிப்புகள் வழியாக நடைபெறுகிறது. குடிநுழைவு, சுங்கம், சிறைச்சாலை போன்ற துறைகளின் பதவிகளோ 139ஆம் விதியின் கீழ் இயங்கும் பொதுச் சேவை ஆணையத்தின் பொறுப்பில் உள்ளன. மக்கள் வழக்கில் எஸ்பிஏ எனப்படும் இந்த ஆணையத்தின் இணையத்தளத்தில் ஒருமுறை பதிந்துவிட்டு, காவல்துறைக்கும் சேர்த்து விண்ணப்பித்துவிட்டதாக எண்ணி ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் இருக்கின்றனர். இரண்டு வாசல்களையும் தனித்தனியாகத் தட்ட வேண்டும்.

எதைப் படிப்பது

குற்றவியல் என்ற பெயரில் தனியார் கல்லூரிகள் வழங்கும் பட்டங்கள் மாணவரை எளிதில் ஈர்க்கின்றன. குற்றம் ஏன் நிகழ்கிறது, சமூகம் அதற்கு எவ்வாறு எதிர்வினை ஆற்றுகிறது என்பதை ஆராயும் சமூக அறிவியல் துறையே குற்றவியல். அது மதிப்புக்குரிய படிப்புதான். எனினும், அமலாக்கத் துறைகளின் பொதுவான விளம்பரங்கள் எந்தத் துறைப் பட்டத்தையும் ஏற்கும் நிலையில், அந்தப் பெயருள்ள பட்டம் விண்ணப்பதாரரை வரிசையில் முன்னே கொண்டு நிறுத்திவிடாது. துறைகளுக்குள் பற்றாக்குறை எங்கே இருக்கிறது என்று பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. தொலைபேசி, இணைய மோசடிகளைக் கையாள 2022 அக்டோபரில் தேசிய மோசடி எதிர்வினை மையம் 997 என்ற எண்ணுடன் தொடங்கப்பட்டதே, வணிகக் குற்றங்கள் எந்த அளவுக்குப் பெருகிவிட்டன என்பதற்குச் சான்று. ஒரு மோசடிப் பணம் பல வங்கிக் கணக்குகளின் வழியே கைமாறிச் சென்ற பாதையைத் தொடர்ந்து பிடிக்கக் கணக்கியல் அறிவு வேண்டும். கைப்பேசியிலும் கணினியிலும் அழிக்கப்பட்ட தரவை மீட்டுச் சான்றாக்க கணினியியல் வேண்டும். சைபர்ஜெயாவின் மல்டிமீடியா பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் கணினித் துறையில் பட்டம் பெறும் டெங்கில் மாணவர், அமலாக்கத் துறையில் வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தனியார் துறையில் பிழைக்க ஒரு தொழிலைக் கையில் வைத்திருப்பார் என்பது கூடுதல் பாதுகாப்பு.

தடயவியல் பற்றிய மயக்கம் தொலைக்காட்சித் தொடர்களால் வளர்ந்தது. குற்ற இடத்தில் கிடைக்கும் இரத்தம், நார், தோட்டா, கைரேகை முதலியவற்றை அறிவியல் முறையில் ஆராய்ந்து நீதிமன்றத்தில் சான்றாக முன்வைக்கும் துறை அது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் குபாங் கெரியான் வளாகத்திலும், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர் வளாகத்திலும் அதற்கெனப் பட்டப்படிப்புகள் உள்ளன. பட்டதாரிகளை எடுத்துக்கொள்ளும் ஆய்வகங்கள் சிலவே என்பதாலும், பெட்டாலிங் ஜெயாவைத் தலைமையகமாகக் கொண்ட இரசாயனத் துறை வேதியியல் பட்டதாரிகளையும் தேடுவதாலும், உறுதியான வேதியியல் அல்லது உயிரியல் பட்டமே பலருக்கு நல்ல தேர்வாக அமையும்.

சட்டப் படிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகம், பாங்கியிலுள்ள தேசியப் பல்கலைக்கழகம் முதலியவற்றின் சட்டத்துறைகளில் இடம் பெறுவோர் ஒருபுறம் இருக்க, 1991இல் பிரிக்பீல்ட்ஸில் தொடங்கி இப்போது பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் பிரிக்பீல்ட்ஸ் ஏசியா கல்லூரி போன்ற தனியார் நிறுவனங்களின் வழியாகப் பிரிட்டிஷ் சட்டப் பட்டம் பெறுவோரும் கிள்ளான் பள்ளத்தாக்கில் நிறைய உண்டு. வெளிநாட்டுச் சட்டப் பட்டம் பெற்றவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய விரும்பினால் பொதுவாகச் சிஎல்பி எனப்படும் சட்டத் தொழில் சான்றிதழ்த் தேர்வில் தேற வேண்டும். அத்தேர்வில் தடுமாறி மனமுடைந்துபோகும் பட்டதாரிகளுக்கு, விசாரணை அதிகாரியாகவோ கீழ்நிலை நீதிமன்றங்களில் வழக்கை நடத்தும் அரசுத் தரப்பு அதிகாரியாகவோ பணியாற்றச் சட்ட அறிவு நேரடியாகப் பயன்படும் அமலாக்கத் துறைகள் இருப்பது பெரும்பாலும் தோன்றுவதே இல்லை.

வேறு துறை மாணவரும் தம் விருப்பப் பாடமாகவோ சொந்த வாசிப்பாகவோ படித்தே ஆக வேண்டிய சட்டங்கள் நான்கு. எவை குற்றங்கள், அவற்றுக்கு என்ன தண்டனை என்று கூறும் தண்டனைச் சட்டம். கைது, தேடுதல், தடுப்புக் காவல், வழக்கு விசாரணை ஆகியவற்றின் முறையை வகுக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டம். எதை நீதிமன்றம் சான்றாக ஏற்கும் என்பதைச் சொல்லும் 1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம். இவை அனைத்துக்கும் மேலான கூட்டரசு அரசியலமைப்பு. இவற்றுள் கல்லூரி மாணவர் அதிகம் புறக்கணிப்பதும், பணியில் அன்றாடம் தேவைப்படுவதும் குற்றவியல் நடைமுறைச் சட்டமே.

ஒரு கைது இச்சட்டத்தின் கண்ணில் எவ்வாறு தோன்றுகிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். அரசியலமைப்பின் 5ஆம் விதி, கைது செய்யப்பட்டவருக்கு அதன் காரணத்தை இயன்ற விரைவில் தெரிவிக்க வேண்டும் என்றும், அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள அனுமதிக்க வேண்டும் என்றும், பயணத்துக்குத் தேவையான நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும் என்றும் கூறுகிறது. அதற்குள் விசாரணை முடியாவிட்டால், நடைமுறைச் சட்டத்தின் 117ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் தடுப்புக் காவல் நீட்டிப்பைக் கோர வேண்டும். பேச்சு வழக்கில் ரிமாண்ட் எனப்படுவது இதுவே. குற்றத்துக்கான தண்டனை 14 ஆண்டுக்குக் குறைவான சிறை எனில், முதல் விண்ணப்பத்தில் அதிகபட்சம் 4 நாளும் இரண்டாவதில் 3 நாளும் அனுமதிக்கப்படலாம். 14 ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறை அல்லது மரண தண்டனைக்குரிய குற்றம் எனில், இரண்டு முறையும் ஏழேழு நாள் வரை நீளலாம். இந்த விண்ணப்பத்தோடு விசாரணை அதிகாரி தம் விசாரணை நாட்குறிப்பின் பிரதியையும் அளிக்க வேண்டும். 119ஆம் பிரிவு கட்டாயமாக்கும் அந்த நாட்குறிப்பில், தகவல் எந்நேரத்தில் வந்தது, விசாரணை எப்போது தொடங்கி எப்போது நிறுத்தப்பட்டது, எந்தெந்த இடங்களுக்குச் செல்லப்பட்டது, என்ன தெரியவந்தது என்பவை நாள்தோறும் பதியப்பட வேண்டும். நாட்குறிப்பு வெறுமையாக இருந்தால், காவலை நீட்டிக்க என்ன தேவை என்று மாஜிஸ்திரேட் கேட்கும்போது அதிகாரியிடம் விடை இருக்காது.

போதைப்பொருள் வழக்கில் இதே ஒழுங்கு இன்னும் நுணுக்கமாகிறது. 1952ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டத்தில், 15 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெராயின், 200 கிராம் கஞ்சா, 50 கிராம் மெத்தம்ஃபெட்டமின் ஆகியவை ஒருவர் கையில் இருந்தால், எதிராகச் சான்று காட்டப்படாதவரை அவர் கடத்துபவர் என்றே கருதப்படுவார். கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்ட பின்பும், நீதிபதி தம் விருப்புரிமைப்படி அத்தண்டனையை விதிக்கக்கூடிய குற்றம் அது. ஆகவே கைப்பற்றப்பட்ட பொட்டலத்தை எடுத்தவர் யார், அதில் என்ன குறியிடப்பட்டது, முத்திரையிடும் வரை அது யார் பார்வையில் இருந்தது, எந்த அலமாரியில் பூட்டப்பட்டது, சாவி யாரிடம் இருந்தது, எந்த நாளில் இரசாயனத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது, அங்குள்ள இரசாயனவியலர் பெற்றபோது முத்திரை உடையாமல் இருந்ததா என்ற ஒவ்வொரு கண்ணியையும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இழுத்துப் பார்ப்பார். கைப்பற்றியவர் எழுதிய குறியும் இரசாயனவியலரின் அறிக்கையிலுள்ள குறியும் ஒத்துப்போகாவிட்டால், அது அதே பொருள்தானா என்ற ஐயத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே போகும். சோதனையிட்ட இரவின் துணிச்சல் அந்த இடத்தில் எதற்கும் உதவாது. கல்லூரி மாணவர், நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் என்பதைப் பயன்படுத்திக்கொண்டு, விடுமுறை நாள்களில் ஷா ஆலாமிலோ கோலாலம்பூரிலோ உயர் நீதிமன்றத்தின் பின்வரிசையில் அமர்ந்து, ஒரு போதைப்பொருள் வழக்கில் விசாரணை அதிகாரி குறுக்கு விசாரணைக்கு உள்ளாவதை ஒருமுறை முழுமையாகக் கேட்டால், பல வாரப் பாடங்கள் ஒரே காலையில் மனத்தில் பதியும்.

மொழி

மேற்கூறிய நாட்குறிப்பும் விண்ணப்பமும், சாட்சிகளின் வாக்குமூலமும் மலாய் மொழியில் எழுதப்படுபவை. பொதுச் சேவைப் பதவிகளுக்கு எஸ்பிஎம் மலாய் மொழிப் பாடத்தில் கிரெடிட் வேண்டும் என்பது பலரும் அறிந்த விதி. அது கிடைக்காமல் பட்டம் வரை படித்துவிட்டு நின்றுபோனவர்கள் இருப்பதால், கிரெடிட் பெறாத மாணவர் எஸ்பிஎம் மறுதேர்வில் அப்பாடத்தை மட்டும் மீண்டும் எழுதித் தகுதியைச் சரிசெய்துகொள்வதை முதலாண்டிலேயே முடித்துவிட வேண்டும். ஆங்கில வழிக் கல்வி நடத்தும் தனியார் கல்லூரிகளில் மூன்றாண்டுகள் கழித்த மாணவரின் எழுத்து மலாய் துருப்பிடித்துப்போவது கண்கூடு. நேர்காணலில் நாட்டு நடப்பைப் பற்றிய ஒரு கேள்விக்கு மூன்று வாக்கியம் தடையின்றிச் சொல்ல முடியாமல் போவதற்கு அறிவுக் குறைவைவிட இந்தப் பழக்கக் குறைவே காரணம்.

இதற்கு வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. வழிப்பறிக்கு உள்ளான ஒரு பாட்டி நடந்ததைத் தமிழில் சொல்கிறார் என்று கொள்ளலாம்: சந்தைக்குப் போனதிலிருந்து தொடங்கி, இடையில் மருமகள் மீதான குறையையும் சேர்த்து, சங்கிலி பறிபோன இடத்துக்கு வந்து, மோட்டார் சைக்கிளின் நிறத்தைச் சொல்லி, மீண்டும் சந்தைக்கே திரும்புவார். கேட்பவர் அதை மலாயில், நாள், நேரம், இடம், நடந்தவற்றின் வரிசை, பறித்தவரின் தோற்றம், இழந்த பொருளின் மதிப்பு என்று பத்து வரிக்குள் எழுதிப் பழக வேண்டும். சாட்சிகளிடமிருந்து நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவின் கீழ் வாக்குமூலம் பெறும் அதிகாரி செய்வதும் இதுதான். பாட்டி சொல்லாத எதையும் அந்தப் பத்து வரிகளில் சேர்க்கக் கூடாது என்பதே பயிற்சியின் கடினமான பகுதி. தமிழையும் மலாயையும் ஒருசேரக் கையாளத் தெரிந்த அதிகாரி, கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் டெங்கிலிலும் உள்ள ஒரு காவல் நிலையத்துக்கு எவ்வளவு தேவைப்படுபவர் என்பதை நேர்காணலில் எடுத்துச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுத்தல்

பட்டத்தின் அங்கீகாரத்தை விளம்பரத் தாளை நம்பி முடிவுசெய்யாமல், மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் பாடத்திட்டத்தின் பெயரையும் கல்லூரி வளாகத்தின் பெயரையும் தேடிப் பார்க்க வேண்டும். ஒரே கல்லூரியின் ஒரு பாடத்திட்டம் அங்கீகாரம் பெற்றிருக்க, மற்றொன்று பெறாமல் இருக்கலாம். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் யூபியூ எனப்படும் மத்திய விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பிக்கலாம். செலவைப் பொறுத்தவரை, ஆறாம் படிவத்தில் பயின்று எஸ்டிபிஎம் எழுதும் வழிக்கு நிகராக மலிவானதும் மதிப்புக்குரியதும் இல்லை. அது கடினம் என்ற பேச்சைக் கேட்டே பல தமிழ் மாணவர் விலகிப்போய், பிடிபிடிஎன் எனப்படும் தேசிய உயர்கல்விக் கடனை எடுத்துத் தனியார் டிப்ளோமாவில் சேர்கின்றனர். கடன் எடுப்பது குற்றமன்று. ஆனால், பொது அதிகாரிகளின் நடத்தை, கட்டொழுங்கு விதிமுறைகள் கடுமையான கடன்பட்ட நிலையைக் கட்டொழுங்குக் குற்றமாகவே கருதுவதால், கல்விக் கடனுக்கு மேல் மோட்டார் சைக்கிள், கைப்பேசி, அட்டைக் கடன் என்று ஏற்றிக்கொண்டு போவது இத்துறைக்கு வர விரும்புவோருக்கு ஆகாது.

அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் அதன் மற்றொரு பயன் சுக்சிஸ் படை. காவல்துறையின் பயிற்றுநர்களைக் கொண்டு பல்கலைக்கழக மாணவருக்கு அணிவகுப்பு, சட்ட அடிப்படைகள், ஆயுதப் பயிற்சி முதலியவற்றைப் புறப்பாடமாக அளிக்கும் மாணவர் தன்னார்வக் காவல் படை அது. வார இறுதிகளை விழுங்கிவிடும் என்பதால் அதில் சேரத் தயங்குவோர் பலர். ஆயினும், சீருடை வாழ்க்கை தமக்கு ஒத்துவருமா என்பதைச் செலவின்றிச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒத்துவரவில்லை என்று தெரிந்துகொள்வதும் ஒரு பயனே.

உடலும் பின்னணியும்

அண்மை ஆண்டுகளின் கான்ஸ்டபல் விளம்பரங்களில் ஆண்களுக்கு 1.63 மீட்டர், பெண்களுக்கு 1.57 மீட்டர் குறைந்தபட்ச உயரமாகக் கோரப்பட்டுள்ளது. உடல் எடையும் உயரத்துக்கு ஏற்ற வரம்புக்குள் இருக்க வேண்டும். நிறக்குருடு உள்ளவர் தகுதி பெறார். உயரத்தையும் நிறப்பார்வையையும் மாற்ற முடியாது என்பதால், பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அரசு மருந்தகத்தில் இவற்றைச் சோதித்துக்கொண்டு, காவல்துறை பொருந்தாதெனில் உடல் தகுதிக் கட்டுப்பாடு குறைந்த பதவிகளை நோக்கித் திட்டமிடுவது நல்லது. ஓட்டப் பயிற்சியைத் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் தொடங்குவோர் பெரும்பாலும் முழங்கால் வலியோடு தேர்வுக்கு வருகின்றனர்.

நியமனத்துக்கு முன் நடைபெறும் பாதுகாப்புப் பின்னணிச் சோதனையில் குற்றப் பதிவும் போதைப்பொருள் பழக்கமும் பார்க்கப்படுகின்றன. கல்லூரிப் பருவத்தில் நண்பனின் குண்டர் கும்பல் தொடர்பை வேடிக்கையாகக் கருதி அதன் சின்னத்தைக் கையில் பச்சைகுத்திக்கொண்ட ஒருவர், ஐந்தாண்டுக்குப் பின் அதன் விலையை நேர்காணல் அறையில் அறிந்துகொள்வார்.

குடும்பத்தின் தயக்கம்

தமிழ்க் குடும்பங்களில் காவல்துறைப் பணிக்கு எழும் எதிர்ப்பை வெறும் அறியாமை என்று ஒதுக்க முடியாது. 2009இல் சுபாங் ஜெயாவில் தடுப்புக் காவலில் குகன் என்ற இளைஞர் இறந்ததும், 2013இல் தர்மேந்திரன், 2021இல் கணபதி ஆகியோரின் இறப்புகளும் சமூகத்தின் நினைவில் ஆழப் பதிந்துள்ளன. காவல்துறையின் செயல்பாட்டை ஆராய்ந்த அரச விசாரணை ஆணையம் 2005இல் 125 பரிந்துரைகளை வழங்கியது. நீண்ட விவாதத்துக்குப் பின் காவல்துறையின் தவறான நடத்தையை விசாரிக்கும் சுயேச்சை ஆணையம் 2023 ஜூலையில் செயல்படத் தொடங்கியது, அதன் அதிகாரம் போதாது என்ற விமர்சனத்துடனேயே. இந்த வரலாற்றை அறியாத மாணவர் பெற்றோரிடமும் பேச முடியாது, நேர்காணலிலும் முதிர்ச்சியுடன் விடையளிக்க முடியாது. அதே வேளையில், மக்கள்தொகை விகிதத்தைவிடக் குறைவாகவே இந்தியர் இருக்கும் ஒரு படையில், பினாங்கு மாநிலக் காவல்துறைத் தலைவராக இருந்த டத்தோஸ்ரீ ஏ. தெய்வீகன், ஜொகூர் மாநிலத் தலைவராகவும் பின்னர் காவல்துறைத் தலைமையகமான புக்கிட் அமானின் குற்றப் புலனாய்வுத் துறை இயக்குநராகவும் பொறுப்பேற்ற டத்தோ எம். குமார் ஆகியோர் உச்சப் பதவிகளை எட்டியுள்ளனர் என்பதும் உண்மை. லோக்காப் எனப்படும் காவல் நிலையத் தடுப்பறை ஒன்றின் பொறுப்பில் 5ஆம் விதியை மனப்பாடமாக அறிந்த ஓர் இன்ஸ்பெக்டர் இருப்பதும் இல்லாததும் அங்கே அடைபட்டிருப்பவருக்கு ஒன்றாக இருக்க முடியாது.

விண்ணப்பமும் காத்திருப்பும்

பொதுச் சேவை ஆணையத்தின் பதிவு காலவரையறைக்கு உட்பட்டது. அதைப் புதுப்பிக்க மறப்பவரின் பெயர் தேர்வுக்கு அழைக்கப்படுவோர் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். டிப்ளோமா கையில் உள்ளவர் பட்டப்படிப்பின் இறுதிப் பருவத்தில் டிப்ளோமா தகுதியில் பதிந்துகொண்டு, பட்டம் வந்த உடனே பதிவைத் திருத்த வேண்டும். காவல்துறையின் அறிவிப்புக்கும் முடிவு நாளுக்கும் இடையே சில வாரங்களே இருப்பதால், பிறப்புச் சான்றிதழ், எஸ்பிஎம் சான்றிதழ், கல்லூரி மதிப்பெண் பட்டியல், புறப்பாடச் சான்றுகள், வாகன உரிமம் ஆகியவற்றின் உறுதிசெய்யப்பட்ட பிரதிகளை ஒரே கோப்பில் முன்கூட்டியே வைத்திருப்பது அவசியம். உயரம், வயது போன்ற நிபந்தனைகள் விளம்பரத்துக்கு விளம்பரம் மாறக்கூடும் என்பதால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பையே இறுதிச் சொல்லாகக் கொள்ள வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவர் புலாபோல் எனப்படும் காவல் பயிற்சி மையங்களுள் ஒன்றில் தங்கிப் பயிற்சி பெறுவார்; பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு.

முதல் விண்ணப்பத்திலேயே இடம் பெறுவோர் சிலர்தாம். காத்திருக்கும் காலத்தில் விமான நிலையத்திலோ வங்கிகளிலோ துணைக் காவலராகச் சேருவது சிப்பாங் வட்டாரத்து இளைஞருக்கு எளிதில் கைகூடும் வழி. 1967ஆம் ஆண்டின் காவல்துறைச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்பட்டு, குறிப்பிட்ட நிறுவனத்தின் எல்லைக்குள் காவல் அதிகாரம் கொண்டு பணியாற்றும் இவர்களுக்குச் சம்பளத்தை அந்த நிறுவனமே அளிக்கிறது. அங்கே சம்பவப் பதிவேடு எழுதிப் பழகுவது நல்ல அடித்தளம். ஆனால், சுழல்முறை வேலையின் களைப்பில் ஆணையத்தின் பதிவைப் புதுப்பிக்காமலும் அடுத்த விளம்பரத்தைப் பார்க்காமலும் வயது வரம்பைக் கடந்துவிடுவோர் அங்கேதான் அதிகம் என்பதால், வேலையில் சேரும் நாளிலேயே பதிவைப் புதுப்பிக்கும் தேதியையும் வயது வரம்பு முடியும் தேதியையும் கைப்பேசி நாட்காட்டியில் பதிந்து வைத்துவிட வேண்டும்.